"ஆதிவாசிகளோடு இரண்டு நாள்" – குழந்தையைக் கூட்டிப் போகலாமா?

1. மழைக்காகிதம்

எல்லோருக்கும் வணக்கம். கோவையில் இருக்கிறோம். மகள் ஐந்தாம் வகுப்பு. நீலகிரிப் பழங்குடிகள் பற்றிப் படம் ஒட்டிக் குறிப்பு எழுதி வரச் சொல்லிப் பள்ளியில் வேலை கொடுத்தார்கள். அன்றிலிருந்து "தேன் எப்படிம்மா எடுக்கறாங்க, நாம போய்ப் பாக்கலாமா" என்று விடாமல் கேட்கிறாள்.

மே மாத லீவுக்கு இடம் தேடும்போது கோத்தகிரிப் பக்கம் ஒரு விடுதியின் விளம்பரம் கண்ணில் பட்டது. இரண்டு இரவு தங்கல், ஜீப்பில் பழங்குடி கிராமம், அவர்களோடு சேர்ந்து சமைத்துச் சாப்பிடுவது, தேன் எடுப்பதை நேரில் பார்ப்பது, இரவில் நெருப்பு மூட்டி அவர்களுடைய ஆட்டம். "நாகரிகம் தொடாத மனிதர்களின் வாழ்க்கையை வாழ்ந்து பாருங்கள்" என்று மேலே பெரிய எழுத்தில் போட்டிருந்தது. அந்த வரியைப் படித்ததும் மனசுக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. ஆனால் குழந்தை நிஜ மனிதர்களைப் பார்த்துத் தெரிந்துகொள்ளட்டும் என்ற ஆசையும் இருக்கிறது. போய் வந்தவர்கள் யாராவது சொல்லுங்களேன்.

2. பயணப்பை

தாராளமாகப் போய் வாருங்கள். இரண்டு வருடம் முன்னால் நண்பர்களோடு இதே மாதிரி ஒன்றுக்குப் போனோம். ராகிக் களியும் கீரையும் போட்டார்கள், அந்த ருசி இன்னும் நாக்கில் இருக்கிறது. ராத்திரி ஆட்டத்தில் எங்களையும் சேர்த்துக்கொண்டார்கள். நம்மை மாதிரி நகரத்து ஆட்கள் போனால்தானே அவர்கள் கையில் நாலு காசு புரளும்? குளிருக்கு ஸ்வெட்டர் மறக்காதீர்கள்.

3. மந்துப்பாதை

நான் செய்த ஒரு தப்பைச் சொல்கிறேன்.

கல்லூரியில் படித்தபோது ஊட்டிச் சுற்றுலா. தாவரவியல் பூங்காவுக்கு மேலே ஏறினால் தோடர்களின் மந்து, அதாவது அவர்கள் குடியிருப்பு, வரும் என்று யாரோ சொல்ல, ஏழெட்டுப் பேர் ஏறிப் போனோம். பீப்பாயைப் பாதியாகப் பிளந்து கவிழ்த்தது போன்ற வீடு. மூங்கிலும் பிரம்பும் புல்லும் வைத்துக் கட்டியது. கொஞ்சம் தள்ளி அதே அமைப்பில் இன்னொன்று, சுற்றிலும் கற்சுவர், ஆள் தவழ்ந்துதான் நுழைய முடியும் என்கிற அளவுக்குச் சின்ன வாசல். நாங்கள் சுவரைத் தாண்டிக் குதித்து, அந்த வாசலில் தலையை விட்டுப் படம் எடுத்துக்கொண்டோம். தூரத்திலிருந்து ஒரு பெரியவர் கத்திக்கொண்டே ஓடி வந்தார். எங்களுக்கு அவர் பேச்சு புரியவில்லை. காசு கேட்கிறார் என்று நினைத்துப் பத்து ரூபாயை நீட்டினோம். அவர் அதை வாங்கவில்லை. சுவரோரம் உட்கார்ந்துவிட்டார்.

அது அவர்களுடைய கோயில் என்று பல வருடம் கழித்துத்தான் படித்துத் தெரிந்துகொண்டேன். எருமைப்பாலைக் கறந்து, கடைந்து, காய்ச்சுகிற வேலையே தோடர்களுக்கு வழிபாடு. அதற்கென்று நியமிக்கப்பட்டவர் மட்டும், அதற்கான சுத்தத்தோடு உள்ளே போவார். சொந்தச் சமூகத்துப் பெண்களே பக்கத்தில் போகாத இடத்தில் நாங்கள் செருப்புக் காலோடு நின்றிருக்கிறோம். நம் ஊர்க் கருவறையில் யாராவது அப்படிச் செய்திருந்தால் விட்டிருப்போமா?

நான்கு வருடம் முன்பு அந்தப் பக்கம் போனபோது சாலையில் நின்றே பார்த்துவிட்டுத் திரும்பினேன். தோடர் பெண்கள் போட்ட பூத்துக்குளிச் சால்வை ஒன்று வாங்கினேன். கறுப்பும் சிவப்பும் நூலில், தடம் வரையாமல் இழையை எண்ணி எண்ணியே போடுகிற வேலை. 2013-இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பெரியவரிடம் மன்னிப்புக் கேட்க வழி இல்லை. அவர் பெயரே எனக்குத் தெரியாது.

அந்த விளம்பரத்து ஆட்களோடு போக வேண்டாம் என்பது என் எண்ணம்.

4. தேன்பாறை

மழைக்காகிதம் அக்கா, நான் ஆலு குறும்பர். கோத்தகிரிக்குக் கீழே சரிவில் எங்கள் ஊர். ஊர்ப் பெயரை இங்கே போட வேண்டாம் என்று வீட்டில் சொல்லிவிட்டார்கள், அதனால் போடவில்லை. அந்த மாதிரி ஜீப் எங்கள் ஊருக்கும் வந்துகொண்டிருந்தது. அதனால் நடந்ததைச் சொல்கிறேன்.

ஜீப் வருவது பதினொரு மணிக்கு. அந்த நேரம் வேலை செய்கிற வயதில் இருப்பவர்கள் யாரும் ஊரில் இருக்க மாட்டார்கள். கொழுந்து பறிக்க எஸ்டேட்டுக்குப் போயிருப்பார்கள், இல்லை சொந்தத் துண்டு நிலத்தில் மிளகு, காப்பி பார்த்துக்கொண்டிருப்பார்கள். படிக்கிற பிள்ளைகள் உண்டு உறைவிடப் பள்ளியில். ஊரில் மிச்சம் இருப்பது வயசானவர்களும் கைக்குழந்தைகளும்தான். அதனால்தான் யார் எடுத்த படத்தைப் பார்த்தாலும் பழங்குடி என்றால் ஒரு பாட்டியும் மூக்கொழுகும் குழந்தையுமாகவே இருக்கும். கொழுந்துக் கூடையோடு நிற்கிற என் அம்மா, நர்சிங் படிக்கிற என் தங்கை, யாரும் அந்தப் படங்களில் இல்லை.

வந்து இறங்குகிறவர்கள் முதலில் சொல்வது "என்னங்க, எல்லாம் கான்கிரீட் வீடா இருக்கு?" அடுத்தது "டிவி எல்லாம் வெச்சிருக்காங்க, இவங்க ஒரிஜினல் இல்ல போல." மண் சுவரும் புல் கூரையுமாக இருந்த வீட்டில் ஐப்பசி மழை எப்படி இறங்கும் என்று பாட்டிக்குத் தெரியும். அவள் கேட்டு வாங்கிய வீடு இது.

ஆட்டம் பற்றி. நாங்கள் கல்யாணத்துக்கும் ஆடுவோம், தெய்வத்துக்கும் ஆடுவோம், சாவுக்கும் ஆடுவோம். எங்கள் அண்டை அயலான கோத்தர்களிடம் கேட்டுப் பாருங்கள், தெய்வத்துக்கு ஊதுகிற மெட்டு வேறு, சாவுக்கு ஊதுகிற மெட்டு வேறு, ஒன்றின் நேரத்தில் இன்னொன்றை வாயில் வைக்க மாட்டார்கள். ஒரு தடவை எங்கள் ஊரில் ஒரு பெரியம்மா இறந்து மூன்றாம் நாள். விடுதியிலிருந்து போன் வந்தது, இருபது பேர் கெஸ்ட், கட்டாயம் ஆள் வேண்டும் என்று. ஆளுக்கு முந்நூறு ரூபாய். அரிசி வாங்க வேண்டியிருந்தது, போனார்கள். திரும்பி வந்தவர்கள் அன்று யாரோடும் பேசவில்லை. அந்த இரவுக்கு ஒரு கெஸ்ட்டிடம் எவ்வளவு வாங்குகிறார்கள் என்று அப்புறம் நெட்டில் பார்த்தேன். பார்க்காமலே இருந்திருக்கலாம்.

தேனைப் பற்றி உங்கள் மகள் கேட்டாள் இல்லையா, அவளுக்காகச் சொல்கிறேன். நாங்கள் எடுப்பது மலைத்தேன். பெரிய தேனீ, செங்குத்துப் பாறையில் ஆள் கைக்கு எட்டாத இடத்தில் ஒற்றை அடையாகத் தொங்கும். சித்திரையிலிருந்து ஆனி வரை காலம். போகிறவர்கள் முன்கூட்டியே விரதம் இருப்பார்கள். கொடியைத் திரித்து ஏணி கட்டி, மேலே மரத்தில் முடிந்து, பாறைக்கு வெளியே தொங்கவிடுவார்கள். பச்சிலைப் புகை போட்டுத் தேனீயை விலக்குவார்கள். மேலே கயிற்றைக் காவல் காப்பது மச்சான், அதாவது இறங்குகிறவனின் பெண்டாட்டியோடு பிறந்தவன். தன் தங்கை விதவையாக அவன் விட மாட்டான் என்பதுதான் கணக்கு. அண்ணன் தம்பியை அந்த இடத்தில் நிறுத்த மாட்டார்கள். எல்லா அடையையும் எடுப்பதும் இல்லை. இந்த வேலையை டிக்கெட் வாங்கி வந்த முப்பது பேர் சென்ட் அடித்துக்கொண்டு கீழே நின்று பார்க்க முடியாது. தேனீ கலைந்தால் தொங்குகிறவன் உயிர் போகும்.

கடைசியாக ஒன்று. என் பாட்டியை எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து ஆட்கள் படம் எடுக்கிறார்கள். பெரிய பெரிய கேமரா. ஒரு படம்கூட எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்ததில்லை. தாத்தா இறந்தபோது மாலை போட ஒரு படம் இல்லை. வாக்காளர் அட்டையில் இருந்ததைப் பெரிதாக்கி மாட்டினோம். முகமே தெரியவில்லை.

5. பயணப்பை

தேன்பாறை தம்பி, நீங்கள் எழுதியதை மூன்று முறை படித்தேன். நான் போன அந்த இரவில் ஆடியவர்கள் வீட்டில் என்ன நடந்திருந்தது என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை. வருத்தமாக இருக்கிறது.

ஆனாலும் ஒன்று கேட்க வேண்டும். யாருமே போகக் கூடாது என்று முடிவானால் நல்லபடியாக நடக்கிற இடங்களும் நின்றுவிடாதா? டாப்ஸ்லிப் வழியாகப் பரம்பிக்குளம் போயிருக்கிறேன். காடர், மலசர், மலை மலசர், முதுவர் என்று நான்கு சமூகத்து ஆட்கள் அங்கே இருக்கிறார்கள். காட்டுக்குள் கூட்டிப் போகிற வழிகாட்டிகள் அவர்களிலிருந்துதான். எங்களோடு வந்தவர் யானை லத்தியைக் குச்சியால் கிளறிப் பார்த்து, காலையில் குட்டியோடு போயிருக்கிறது என்றார். கொஞ்ச நேரத்தில் எதிர்க் கரையில் குட்டியோடு நின்றது. கன்னிமாரா தேக்கு முன்னால் நின்று அந்த மரத்தைப் பற்றி அவர் பேசியதை எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை. அந்த வேலை அவருக்குச் சம்பளம், மரியாதை இரண்டும் கொடுக்கிறது. சுற்றுலாவே தப்பு என்று சொன்னால் அவர் எங்கே போவார்?

6. தேன்பாறை

//சுற்றுலாவே தப்பு என்று சொன்னால்//

அண்ணா, நான் அப்படிச் சொல்லவில்லை. பரம்பிக்குளத்தில் அவர் தனக்குத் தெரிந்ததைச் சொல்லிக் கூட்டிப் போனார், நீங்கள் பின்னால் போனீர்கள். எங்கள் ஊருக்கு வந்த ஜீப்பில் பேசியது டிரைவர். பாட்டியின் முன்னால் நின்றுகொண்டே பாட்டியைப் பற்றி அவர் சொல்வார், அதில் பாதி தப்பு. திருத்த அவளுக்கு ஒரு வாய்ப்பும் கிடைக்கவில்லை.

7. ஓய்வுபெற்றவனக்காவலர்

வணக்கமுங்க. வனத்துறையில காவலரா இருந்து ஓய்வு பெற்றவன். சட்டம் என்ன சொல்லுதுன்னு கொஞ்சம் சொல்றேன், அம்மணிக்கு உபயோகப்படும்.

1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துல 27, 28-ஆம் பிரிவு இருக்குதுங்க. சரணாலயத்துக்குள்ள குடியிருக்கறவங்க, வேலையில இருக்கற அரசு ஊழியர், பொதுப் பாதையில போறவங்க மாதிரி சிலரைத் தவிர மத்தவங்க அனுமதிச் சீட்டு இல்லாம நுழையக் கூடாது. சரணாலயம் இல்லாத காப்புக் காட்டுக்கும் அனுமதி வேணும். விடுதிக்காரர் "எல்லாம் நாங்க பாத்துக்கறோம்"னு சொன்னா எழுத்துல அனுமதி இருக்குதான்னு கேளுங்க. இல்லாம போய் மாட்டினா உங்க மேலயும் வழக்கு வரும், உங்களைக் கூட்டிட்டுப் போன அந்த ஊர்ப் பையன் மேலயும் வரும். நீங்க அபராதம் கட்டிட்டு ஊருக்குப் போயிருவீங்க. அவன் அங்கேயே இருக்கணும்.

காட்டோரத்துல ராத்திரி நெருப்பு, பாட்டு, லைட்டு எல்லாம் யானை போற வழியை மறிக்கற வேலைங்க. சீகூர்ப் பக்கம் யானை வழித்தடத்துல விடுதிகள் இருக்கறதை எதிர்த்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரைக்கும் போய், 2020 அக்டோபர்ல, விடுதிகளைக் காலி பண்ணச் சொன்ன உயர் நீதிமன்றத் தீர்ப்பை உறுதி பண்ணினாங்க. அதுக்கு அடுத்த ஜனவரியில மசினகுடிப் பக்கம் ஒரு யானை மேல தீயைக் கொளுத்தி வீசின வீடியோ வெளியே வந்துச்சு, பாத்திருப்பீங்க. அந்த யானை செத்துப் போச்சுங்க.

2006 வன உரிமைச் சட்டத்தையும் சொல்லணும். தங்களோட வாழிடத்தையும் பண்பாட்டையும் கெடுக்கற காரியத்தைத் தடுக்கற அதிகாரம் அந்தச் சட்டத்துல கிராம சபைக்கே இருக்குது. ஊர் கூடி வேண்டாம்னு சொன்னா வேண்டாம்தான்.

இதையும் சொல்லியாகணும். நான் சீருடை போட்ட காலத்துல சில மலை ஊர்களுக்குள்ள போனா பிள்ளைங்க ஓடி ஒளிஞ்சுக்கும். மொதல்ல எனக்குக் கோபம் வரும். 1992 ஜூன் 20-ந் தேதி சித்தேரி மலையடியில வாச்சாத்தியில என்ன நடந்துச்சுன்னு முழுசாப் படிச்சப்புறம் அந்தக் கோபம் போயிருச்சு. சந்தனக்கட்டை தேடறோம்னு போன அரசு ஆளுங்க அந்தப் பழங்குடி ஊரையே சூறையாடி, பொண்ணுங்களைப் பலாத்காரம் பண்ணினாங்க. 269 பேர் மேல குற்றப்பத்திரிகை, வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆளுங்க. 2011-ல தீர்ப்பு, 2023-ல உயர் நீதிமன்றம் உறுதி பண்ணுச்சு. வெளியாள் கும்பலா வண்டியில வந்து இறங்கறதுன்னா அந்த மக்களுக்கு என்ன ஞாபகம் வரும்னு நாம யோசிக்கணுமுங்க.

8. ஏட்டுச்சுவடு

மானுடவியல் மாணவி நான். இன்னொரு கோணம்.

"ஆதிவாசி வாழ்க்கையைத் தெரிந்துகொள்ளப் போகிறேன்" என்று போகிறவர்கள் பெரும்பாலும் மூலிகையில்தான் வந்து நிற்பார்கள். "இது எதுக்குப் பாட்டி நல்லது?" என்று கேட்டு, பதிலை மொபைலில் பிடித்து, அன்று மாலையே யூடியூபில் போட்டுவிடுவார்கள்.

1987-இல் அகத்தியமலைக் காட்டில் நடந்தது தெரியுமா? ஆய்வுக் குழு ஒன்று அங்கே வாழும் காணிப் பழங்குடியினரை வழிகாட்டிகளாகக் கூட்டிக்கொண்டு நடந்தது. ஆய்வாளர்கள் களைத்து விழும்போது காணிகள் மட்டும் ஏதோ ஒரு காயைக் கடித்துக்கொண்டே சலிக்காமல் நடந்தார்கள். என்ன காய் என்று கேட்டால் முதலில் சொல்லவில்லை. வெளியாருக்குச் சொல்லக் கூடாதது அது. வற்புறுத்திக் கேட்டுத் தெரிந்துகொண்டார்கள். அதுதான் ஆரோக்கியப்பச்சை. திருவனந்தபுரத்துத் தாவர ஆய்வு நிறுவனம் அதிலிருந்து "ஜீவனி" என்ற மருந்தை உருவாக்கி, 1995-இல் 10 லட்ச ரூபாய்க்கும் விற்பனையில் 2 சதவீதத்துக்கும் உரிமம் கொடுத்தது. அதில் பாதி காணிகளுக்கு என்று முடிவு செய்து, 1997-இல் ஓர் அறக்கட்டளையும் பதிவானது. பயனைப் பகிர்ந்துகொள்வதற்கு உலகமே எடுத்துக்காட்டாகச் சொன்ன ஏற்பாடு இது.

அதிலும் மனத்தாங்கல் இருந்தது என்பதுதான் முக்கியம். பிலாத்தி என்று சொல்லப்படும் காணி வைத்தியர்களில் சிலர் எதிர்த்தார்கள். அந்த அறிவைக் காக்கிற பொறுப்பு தங்களுடையது, வழிகாட்டப் போனவர்கள் சொல்லிவிட முடியாது என்றார்கள். காசு கொடுத்த பிறகும் யாரிடம் கேட்டிருக்க வேண்டும் என்ற கேள்வி நின்றுகொண்டே இருந்தது. இத்தனை ஒழுங்காகச் செய்த இடத்திலேயே இப்படி என்றால், வார இறுதியில் போய்ப் பாட்டியின் வாயைக் கிளறி வீடியோ போடுகிறவர்கள் என்ன செய்கிறார்கள் என்று நினைத்துப் பாருங்கள்.

9. மருந்துப்பெட்டி

மலை ஊர்களில் சில வருடம் வேலை பார்த்த செவிலி. சுருக்கமாக மூன்று விஷயம்.

வீட்டில் யாருக்காவது காய்ச்சலோ இருமலோ இருந்தால் பயணத்தைத் தள்ளிப் போடுங்கள். ஒதுங்கி வாழும் சிறு சமூகத்தில் ஒருவருக்குத் தொற்றினால் ஊரே படுக்கும். அந்தமானில் ஜாரவா மக்கள் வெளியாரோடு பழக ஆரம்பித்த சில காலத்திலேயே, 1999-இல், தட்டம்மை பரவியது. நீலகிரி அந்தமான் இல்லைதான், தடுப்பூசியும் ஆஸ்பத்திரியும் இருக்கின்றன. ஆனாலும் மலைச்சரிவில் காய்ச்சல்காரரைத் தூளி கட்டித் தூக்கி வருவது எத்தனை கஷ்டம் என்று நான் பார்த்திருக்கிறேன்.

பிள்ளைகளுக்கு மிட்டாய், சாக்லேட் கொடுக்காதீர்கள். பல் மட்டும் கெடாது. ஜீப் சத்தம் கேட்டதும் கை நீட்டி ஓடி வரப் பழகிவிடும். அந்தமான் நெடுஞ்சாலையில் வண்டியிலிருந்து தின்பண்டம் எறிந்து பழக்கினார்கள். சாப்பாட்டைக் காட்டி ஜாரவாப் பெண்களை ஆடச் சொல்லும் வீடியோ 2012-இல் வெளிவந்து நாடே தலைகுனிந்தது. இத்தனைக்கும் அவர்களைக் காக்க 1956-இலிருந்து தனிச் சட்டம் இருக்கிறது.

பழைய துணி மூட்டை கட்டிக்கொண்டு போகாதீர்கள். யாரும் கேட்கவில்லை.

10. மழைக்காகிதம்

இரண்டு நாளாக எல்லாவற்றையும் படித்துக்கொண்டிருக்கிறேன். வாச்சாத்தி பற்றி எனக்கு மேலோட்டமாகத்தான் தெரியும், ஐயா சொன்ன பிறகு உட்கார்ந்து படித்தேன். அந்த விடுதியில் முன்பதிவு செய்யவில்லை.

மகளிடம் என்ன சொல்வது என்றுதான் தெரியவில்லை. மச்சான் கயிறு பிடிக்கிற கதையைச் சொன்னேன், வாயைப் பிளந்து கேட்டாள். "அப்ப நாம அங்க போகவே கூடாதாம்மா?" என்றாள். தேன்பாறை தம்பி, அவளுக்கு நீங்களே ஒரு பதில் சொல்லுங்களேன்.

11. தேன்பாறை

வரலாம் அக்கா. யார் வீட்டுக்கு வருகிறோம் என்று தெரிந்து வர வேண்டும், அவ்வளவுதான்.

குழந்தைக்கு முதல் தடவை என்றால் பரளிக்காடு நல்லது. காரமடையிலிருந்து போக வேண்டும், பில்லூர் அணையின் தண்ணீர் தேங்கும் இடம். வனத்துறை ஏற்பாடு, வார இறுதியில் மட்டும், முன்னாலேயே பதிவு செய்ய வேண்டும். பரிசல் ஓட்டுகிறவர்கள், சமைக்கிற பெண்கள் எல்லாம் அங்கேயே இருக்கிற இருளர்கள். மதுபானம், பிளாஸ்டிக் கூடாது. சாயங்காலம் எல்லோரும் திரும்பிவிடுவார்கள், ராத்திரியில் ஊர் அவர்களுடையது.

கோத்தகிரி வந்தால் ஆதிமலை பழங்குடியினர் உற்பத்தியாளர் நிறுவனத்தின் பொருட்களைக் கேட்டு வாங்குங்கள். 2013-இல் தொடங்கியது, பங்குதாரர்கள் எங்கள் ஆட்கள். தேன், மெழுகு, சாமை, மிளகு எல்லாம் இருக்கும். 2021-இல் ஐ.நா.வின் ஈக்குவேட்டர் பரிசு வாங்கியது. அங்கே வேலை செய்கிற பெண்களிடம் உங்கள் மகள் தேனைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் கேட்கலாம். அவர்கள் வேலையிடம் அது, பேசப் பிடிக்கும்.

எங்கள் வீட்டுக்கு வருவதென்றால்: ஞாயிற்றுக்கிழமை வாருங்கள், அன்றைக்குத்தான் அம்மா இருப்பாள். நீங்கள் மூன்று பேர் மட்டும். பஸ்ஸில் வந்து இறங்கினால் நான் நிற்கிறேன், ஒரு மணி நேரம் இறக்கத்தில் நடக்க வேண்டும். ஊர்ப் பெரியவரிடம் முன்னாலேயே கேட்டு வைக்கிறேன், அவர் சரி என்றால்தான். எந்த உறவுக்காரர் வீட்டுக்குப் போனாலும் வெற்றிலை பாக்கு, காப்பித்தூள் கொண்டு போவீர்கள் இல்லையா, அது போதும். சாப்பாட்டுக்குப் பணம் கொடுப்பதானால் சமைக்கிற அம்மாவின் கையில் கொடுங்கள், என்னிடம் வேண்டாம். தேன் எடுப்பதைப் பார்க்க முடியாது, அதை இப்போதே பாப்பாவிடம் சொல்லிவிடுங்கள்.

இன்னொன்று. எங்கள் வீட்டுப் பெரியவர்கள் உங்களிடம் நிறையக் கேட்பார்கள். வந்தவர்கள் எல்லோரும் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டுப் போனார்கள், தங்களைப் பற்றி யாரும் ஒன்றும் சொன்னதில்லை என்று பாட்டிக்குக் குறை. பதில் சொல்லத் தயாராக வாருங்கள்.

12. பயணப்பை

நான் தங்கிய விடுதிக்கு எழுதிக் கேட்டேன். ஆட வருகிறவர்களுக்கு எவ்வளவு கொடுக்கிறீர்கள், அவர்கள் முடியாது என்று சொன்னால் என்ன செய்வீர்கள் என்று. பத்து நாளாகப் பதில் இல்லை. அப்போது நான் நல்லபடியாக எழுதிய மதிப்புரையை எடுத்துவிட்டு, நடந்ததை எழுதியிருக்கிறேன்.

13. மழைக்காகிதம்

போன ஞாயிறு போய் வந்தோம். தாமதமாக எழுதுகிறேன், மன்னியுங்கள்.

இறக்கம் ஒரு மணி நேரம் இல்லை, எங்களுக்கு ஒன்றே முக்கால் மணி நேரம் ஆனது. தம்பி பாதி வழியில் மகளின் பையை வாங்கிக்கொண்டார். ஊருக்கு முன்னால் ஒரு பெரிய மரத்தடியில் செருப்பைக் கழற்றச் சொன்னார், ஏன் என்று நாங்கள் கேட்கவில்லை. பெரியவர் ஒருவர் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். எங்கிருந்து வருகிறோம், என்ன வேலை, எத்தனை பிள்ளைகள் என்று விசாரித்துவிட்டு "சரி, போங்க" என்றார்.

பாட்டி மகளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு கேட்ட முதல் கேள்வி: "உங்க ஊட்டுக்குத் தண்ணி எங்கிருந்து வருது?"

"டேங்க்ல இருந்து."

"டேங்குக்கு?"

மகள் என்னைப் பார்த்தாள். நான் பில்லூர் என்றேன். "பில்லூருக்கு?" எனக்குச் சட்டென்று வரவில்லை. கணவர்தான் "பவானி ஆறு, மலையிலிருந்து" என்றார். பாட்டி தலையாட்டிவிட்டு, "மலைத் தண்ணிதான் குடிக்கறே" என்று மகளின் கன்னத்தைக் கிள்ளினார். அவளிடம் இதுவரை யாரும், நான் உட்பட, இந்தக் கேள்வியைக் கேட்டதில்லை.

களி, கீரை, அவரைக்காய். அம்மா கிண்டும்போது நானும் துடுப்பைப் பிடித்தேன், இரண்டு நிமிடத்தில் தோள் வலித்தது. அவர் முந்தின நாள் வரை ஆறு நாள் கொழுந்து பறித்திருக்கிறார், ஞாயிறு ஒரு நாள்தான் வீட்டு வேலைக்கு. அதில் பாதியை நாங்கள் எடுத்துக்கொண்டோம் என்பது சாப்பிட்டு எழுந்தபோதுதான் உறைத்தது. பாத்திரம் கழுவ விட்டார்கள், அது கொஞ்சம் நிம்மதி. பணம் கொடுத்தேன், வாங்கிக்கொண்டார். போதுமா என்றேன். "போதும். அடுத்த தடவை மொதல்லயே சொல்லுங்க, கோழி அடிக்கலாம்" என்றார்.

மகளுக்கு ஏமாற்றமும் இருந்தது, அதை மறைக்கவில்லை. தேன் எடுப்பதைப் பார்க்க முடியாது என்று சொல்லித்தான் கூட்டிப் போனேன், ஆனாலும் உள்ளுக்குள் எதிர்பார்த்திருந்திருக்கிறாள். தேனீயைப் பார்த்துப் பாடுகிற பாட்டு ஒன்று இருக்கிறதாமே, அதையாவது பாடுங்கள் பாட்டி என்று கேட்டாள். பாட்டி சுற்றும் முற்றும் பார்த்தார். "அது தேனீக்குப் பாடறது. இங்க தேனீ இல்லையே" என்றார். மகள் முகம் வாடிவிட்டது. பிறகு பாட்டி வேறொன்று பாடினார், குழந்தையைத் தூங்க வைக்கிற பாட்டு. மொழி முழுக்கப் புரியவில்லை. அதை நான் மொபைலில் பிடிக்கவில்லை.

கிளம்பும்போது ஒரே ஒரு படம் எடுக்கலாமா என்று கேட்டோம், பாட்டியும் மகளும் திண்ணையில். சரி என்றார். நேற்று அதைப் பிரிண்ட் போட்டுத் தபாலில் அனுப்பினேன்.

14. ஏட்டுச்சுவடு

//அது தேனீக்குப் பாடறது. இங்க தேனீ இல்லையே//

இந்த வரியை என் மேசை மேல் எழுதி ஒட்டிக்கொள்ள அனுமதி உண்டா, தேன்பாறை? பாட்டியிடம் கேட்டுச் சொல்லுங்கள். இல்லை என்றால் எழுத மாட்டேன்.

15. தேன்பாறை

ஏட்டுச்சுவடு அக்கா, கேட்டேன். "எழுதிக்கட்டும், யாருக்கும் விக்க வேண்டாம்" என்றாள்.

மழைக்காகிதம் அக்கா, படம் வந்து சேர்ந்தது. பாட்டி முதலில் பார்த்துச் சிரித்தாள். ஊரில் எல்லா வீட்டுக்கும் எடுத்துப் போய்க் காட்டினாள். சாயங்காலம் திரும்பி வந்ததும் கோபம். தலை வாரவில்லையாம், சேலை சாயம் போனதாம், இதையா நான் போன பிறகு மாட்டப் போறீங்க என்று அம்மாவைப் பிடித்துக்கொண்டாள். பாப்பாவோடு இருக்கிற படம் அலமாரியில் இருக்கட்டும், தனக்குத் தனியாக ஒன்று வேண்டும் என்கிறாள்.

நேற்று ஊதாச் சேலை கட்டி, எண்ணெய் வைத்துச் சீவி, தங்கையின் மொபைலில் எடுத்தோம். அதை உங்களுக்கு வாட்ஸப்பில் அனுப்புகிறேன். எட்டுக்குப் பன்னிரண்டு அளவில் அங்கே பிரிண்ட் போட முடியுமா அக்கா? பணம் அனுப்பிவிடுகிறேன். இங்கே ஸ்டுடியோவில் கேட்காமலே முகத்தை வெள்ளையாக்கிக் கொடுக்கிறார்கள். தன் நிறத்திலேயே வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லச் சொன்னாள்.